கிளைகளுக்கு எண் பிரிக்கும் முன்

புதுக் கிளை திறக்கும் நிறுவனங்கள் மேசை, நாற்காலி முதல் தேநீர் வரை திட்டம் போடுகின்றன. கணினிகளின் ஐ.பி. எண்களை மட்டும் யாரும் யோசிப்பதில்லை. ரவுட்டர் பெட்டியிலிருந்து எது வந்ததோ அதுதான். பெரும்பாலும் 192.168.1 அல்லது 192.168.0 என்று தொடங்கும்.

ஒரே அலுவலகம் என்றால் கெடுதல் இல்லை. இன்னொரு கிளையிலும் அதே எண்கள் இருந்து, இரண்டையும் இணைக்கும்போதுதான் வினை. அங்கேயிருக்கும் சர்வரின் எண்ணைக் கேட்டால், ‘இது என் பக்கத்து எண்தானே’ என்று கணினி உள்ளுக்குள்ளேயே தேடும். தகவல் வெளியே கிளம்பவே கிளம்பாது. வீட்டிலிருந்து வி.பி.என். வழியாக வேலை பார்ப்பவர்களுக்கும் இதே தொல்லைதான்.

உலகப் பொது எண்கள் மொத்தமே சுமார் 430 கோடி, அதற்குத்தான் தட்டுப்பாடு. உள் உபயோகத்துக்கு அப்படியில்லை. 1996-இல் வந்த ஆர்.எஃப்.சி. 1918 ஆவணம் மூன்று தொகுதிகளை ஒதுக்கியிருக்கிறது. அவற்றில் 10 என்று தொடங்கும் தொகுதியில் மட்டும் 1 கோடியே 67 லட்சம் எண்கள். கஞ்சத்தனம் வேண்டாம்.

இரண்டாம் எண் கிளைக்கு, மூன்றாம் எண் உபயோகத்துக்கு என்று வைத்துக்கொள்ளலாம். கேமராவுக்கு 30 என்றால், 10.9.30 என்று பார்த்ததுமே ஒன்பதாம் கிளையின் கேமரா என்று தெரிந்துவிடும். இப்படிப் பிரித்த ஒரு உட்பிரிவில், அதாவது சப்நெட்டில், 256 எண்கள்; முதலும் கடைசியும் போக, கருவிகளுக்கு 254.

முக்கியமானது அடுத்து. 6 என்று தொடங்கும் பின்கோடு கண்ட டெல்லி அஞ்சல்காரர் கடிதத்தைத் தெற்கே அனுப்பிவிடுவார். மீதி இலக்கங்கள் அவருக்கு வேண்டாம். ரவுட்டருக்கும் அந்த வசதி உண்டு, எண்கள் சரியான எல்லையில் தொடங்கினால். ஒரு வட்டாரத்துக்கு 10.8 முதல் 10.15 வரை கொடுத்தால் எட்டுக் கிளைகளும் ரவுட்டரின் வழிப்பட்டியலில் ஒரே வரியில் அடங்கும். அதே எட்டை 10.5-இல் தொடங்கினால் ஒரு வரியில் அடங்காது. இரண்டின் அடுக்குக் கணக்கு அப்படி. இன்று ஐந்து கிளைதான் என்றாலும் எட்டுக்கு இடம் விடுங்கள்.

ஏற்கெனவே எண்கள் மோதுகின்றனவா? தானாக எண் வழங்கும் டி.எச்.சி.பி. வழியாக எண் வாங்கும் கணினிகள் ஓர் இரவில் மாறிவிடும். கையால் எண் பதித்த பிரிண்டரும் வருகைப்பதிவுக் கருவியும்தான் நாள் பிடிக்கும்; அவற்றை முதலில் பட்டியல் எடுங்கள்.