மறைந்து நின்று கண்டவர்

(கண்ணப்ப நாயனார் குருபூசை நாளன்று திருக்கோயில் மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று தைத் திங்கள் மிருகசீரிட நாள். கண்ணப்ப நாயனாரின் குருபூசை. அவர் வரலாற்றைக் கேளாத செவி இம்மண்டபத்தில் ஒன்றும் இராது. பாட்டிமார் சோறூட்டும்போதே சொல்லிவைத்த கதையன்றோ அது! ஆதலின் அவர் கண்ணைப் பெயர்த்து அப்பிய செய்தியை மீண்டும் விரித்துரைக்க நான் வரவில்லை. அவ்வரலாற்றில் ஓரமாக நிற்கும் மற்றொருவரைப் பற்றியே பேச விழைகின்றேன். அவர் சிவகோசரியார்.

கதை சொல்லுவோர் பலர் இவரைச் சற்று ஏளனமாகக் காட்டிவிடுகின்றனர். ஆசாரம் ஒன்றே அறிந்தவர், அன்பு அறியாதவர் என்று முத்திரை குத்திவிடுகின்றனர். சேக்கிழார் பெருமான் அவ்வாறு செய்தாரல்லர். சிவகோசரியார் ஆகம நெறி வழுவாது நாள்தோறும் திருக்காளத்தி மலையேறிக் குடுமித்தேவரைப் பூசித்த நல்லவர். ஒருநாள் காலை சென்று பார்க்கிறார். இறைவன் திருமுன்பு வெந்த இறைச்சியும் எலும்பும் கிடக்கின்றன. நடுங்குகிறார், அழுகிறார், அவற்றை அகற்றித் தூய்மை செய்கிறார். ஆற்றில் மீண்டும் மூழ்கி வந்து பூசையை முடிக்கிறார். மறுநாளும் அதே நிலை. அதற்கு மறுநாளும் அதே.

இங்கே ஒன்றை நீங்கள் கூர்ந்து நோக்க வேண்டும். இத்தனை நாளில் ஒருமுறையேனும் சிவகோசரியார் திண்ணனாரைக் கண்டதுண்டா? இல்லை. அவர் வரும்போது இவர் வேட்டைக்குப் போயிருப்பார். இவர் திரும்பும்போது அவர் இறங்கிப் போயிருப்பார். அவர் கண்டதெல்லாம் எலும்பு, செருப்புச் சுவடு, கலைந்து கிடந்த பூ. ஒருவரை நேரிற் காணாமலேயே, அவர் விட்டுச்சென்ற அடையாளங்களைக் கொண்டு அவர் யாவர் எனத் தீர்ப்பு எழுதிவிட்டார். அந்த எலும்பு கிடந்த இடத்தில் இரவு முழுதும் ஓர் இளைஞர் வில்லேந்தி உறங்காமல் காவல் நின்றார் என்பதை எலும்பு சொல்லுமா? வாயில் நீரையும், கையில் இறைச்சியையும், தலைமயிரில் மலரையும் சுமந்து, இறைவர் பசித்திருப்பாரே என்று மலைமேல் ஓடிவந்தவரின் பதைப்பைச் செருப்புச் சுவடு சொல்லுமா?

ஐந்து நாள்கள் இவ்வாறு கழிந்தன. சிவகோசரியாரின் கனவில் இறைவன் தோன்றினான். அவரை வைதானா? இல்லை. நீண்ட உபதேசம் செய்தானா? அவ்வேடனுடைய செயல்கள் யாவும் தனக்கு இனியன என்று உணர்த்திவிட்டு, நாளை நீ மறைந்து நின்று பார் என்று பணித்தான். எனக்கு இந்தப் பணிப்பில்தான் பெருவியப்பு. ஒருவரைப் பற்றி ஆயிரம் சொல்லிப் புரியவைக்க இயலாது. இருக்கும் இடத்தில் இருந்து சற்று நேரம் பார்க்கத்தான் வேண்டும் என்பதை இறைவனே ஒப்புக்கொண்டது போலன்றோ இருக்கிறது! ஆறாம் நாள் அவர் மறைவில் நின்றார். குருதி வடிந்ததையும், திண்ணனார் பச்சிலை தேடிப் பிழிந்ததையும், அதுவும் பயன்படாமற்போக அம்பால் தம் கண்ணை அகழ்ந்ததையும், மறுகண்ணுக்கு அடையாளமாகக் காலை ஊன்றியதையும் கண்டார். ஐந்து நாள் வெறுத்த அதே செருப்புச் சுவடுதான். அன்றைக்கு அவர் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணி எண்ணிப் பார்க்கின்றேன்.

இவ்விடத்தில் சைவநெறி கற்ற அன்பர் ஒருவர் எழுந்து, ‘ஐயா, மெய்ப்பொருள் நாயனார் புறவேடத்தையே மெய்ப்பொருளாகக் கொண்டு உயிரையும் விட்டாரே, நீர் வேடத்தைக் கடந்து பார்க்கச் சொல்கிறீரே’ என்று வினவலாம். வினவ வேண்டிய வினாவே. முத்தநாதன் நீறு பூசி, ஏட்டுக்கட்டினுள் படைக்கலத்தை மறைத்து வந்தான். குத்திய பின்னும் அவனை ஊறு நேராமல் ஊரெல்லை கடத்திவிடுமாறு தத்தனை ஏவினார் திருக்கோவலூர் மன்னர். திருநீற்றைக் கண்ட இடத்தில் மரியாதையைக் கொடுப்பதற்கு அது சான்று. திருநீறு இல்லாத இடத்தில் மரியாதையை மறுப்பதற்கு அதனைச் சான்றாகக் காட்டுவார் உண்டெனில், அவர் அந்நூலைத் தலைகீழாகப் படித்தவர் என்பேன்.

இதனைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், தகுதி இல்லை என்பதே விடை. பெரியபுராணத்தைப் பல்லாண்டுகள் மாணாக்கர்க்குப் பாடம் சொன்னவன் நான். இருந்தும், ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகட்கு முன்பு ஓர் அன்னதானப் பந்தியில் என் பக்கத்து இலையில் ஒருவர் வந்து அமர்ந்தார். அவர் கைகளிலும் உதட்டிலும் வெள்ளைத் திட்டுகள். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. என் இலையை எடுத்துக்கொண்டு எதிர்ப்பந்திக்கு எழுந்து போனேன். அவ்வளவே. அவ்வெண்புள்ளிகள் தோலுக்கு நிறம் தரும் பொருள் குன்றுவதால் தோன்றுவன; தொட்டால் ஒட்டாதன; தொழுநோயோடு தொடர்பில்லாதன. தொழுநோயுங்கூட இன்று மருந்தால் முற்றும் தீர்வதே. ‘குட்டம்’ என்னும் சொல்லைச் சேர்த்து வழங்கியது நம் நாவின் பிழை. இவற்றையெல்லாம் பின்னரே அறிந்தேன். சொல்லாராய்ச்சி செய்யும் பண்டிதனுக்கு அந்தச் சொல்லை ஆராயத் தோன்றவில்லை பாருங்கள்!

நான்காண்டுகட்கு முன் எனக்கு இரு கண்ணிலும் புரை முற்றியது. அறுவைக்கு அஞ்சி நாள் கடத்தினேன். ஏட்டெழுத்து போயிற்று, பிறகு முகங்கள் போயின. ஆயினும் மாலையில் திருக்கோயில் வலம் வருவதை விட மனமில்லை. ஒருநாள் கோபுர வாயிற்படியில் தடுமாறினேன். ஒரு கை பற்றியது. கயிறு இழுத்துக் காய்த்த கை. ‘இரண்டு படி ஐயா, பார்த்து’ என்றது ஒரு குரல். நந்தவனத்திற்கு நீர் இறைப்பவர் என்று சொன்னார். அன்று முதல் ஐந்து திங்கள், மழை நாளிலும் தவறாமல், அந்தக் கையே எனக்குக் கண்ணாயிற்று. ‘கொடிமரம் ஐயா’, ‘நந்தி ஐயா’, ‘இங்கே நீர் சிந்தியிருக்கிறது ஐயா’ என்று சொல்லிக்கொண்டே வருவார். பிராகாரத்தில் அமர்ந்து நான் அடியார் வரலாறுகளைச் சொல்வேன். அவர் செடிகளைப் பற்றிச் சொல்வார். நந்தியாவட்டைக்கு எவ்வளவு நீர், அரளி எப்போது பூக்கும் என்பதெல்லாம் எழுபது வயதுக்கு மேல் அவரிடம் பயின்றேன்.

பின்னர் மக்கள் வற்புறுத்த, அறுவை நடந்தது. கட்டு அவிழ்த்த சில நாளில், முதல் வேலையாகத் திருக்கோயிலுக்குத் தனியே வந்தேன். நந்தவன வேலியருகே நின்று அழைத்தேன். ‘வாருங்கள் ஐயா’ என்று குரல் வந்தது. குரலுக்கு உரியவரும் வந்தார். உதட்டில் வெள்ளை. புறங்கையில் வெள்ளை. வந்தவர் என் கண்ணைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கைமேல் போட்டு மூடிக்கொண்டார்.

பந்தியில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். நாக் குழறிற்று. ‘தெரியும் ஐயா. அன்றைக்கு எழுந்து போனவர் நீங்கள்தாம் என்று முதல்நாளே தெரியும்’ என்றார்.

எனக்கு வேறு சொல் வரவில்லை. கையை நீட்டினேன்.

‘கண்தான் நன்றாகத் தெரிகிறதே ஐயா, இனிக் கை எதற்கு?’ என்றார்.

‘படி இன்னும் பழகவில்லை’ என்றேன். அது பொய். அந்தப் பொய்யை இறைவன் பொறுப்பானாக. சற்று நின்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என் கையைப் பற்றினார். வலம் வந்தோம். ‘கொடிமரம் ஐயா’ என்றார், பழைய வழக்கத்தில். ‘ஆம்’ என்றேன்.

அவர் இப்போது இம்மண்டபத்தில்தான் இருக்கிறார். பெயரைச் சொல்ல வேண்டா என்று கேட்டுக்கொண்டமையால் சொல்லவில்லை. சாயரட்சைக்கு மணி ஒலிக்கிறது. அன்பர்கள் தரிசனத்திற்கு எழுந்தருளலாம்.