பிறந்த குழந்தைக்கு எந்தப் படுக்கை?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் இந்த ஆண்டு வளைகாப்பு அழைப்பிதழ்கள் வரிசையாக வருகின்றன. என் மகளுக்கும் அடுத்த மாதம் பிரசவம். குழந்தைக்கு என்ன படுக்கை வாங்குவது என்று நான் ஒரு மாதமாக விசாரித்து வருவதை அறிந்து, பத்து நிமிடம் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார்.

நான் மருத்துவர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். கையெழுத்துப் போடும் முன் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அந்தக் கண்ணோடுதான் இதையும் பார்த்தேன். உங்கள் குழந்தையைப் பற்றிய கடைசி வார்த்தை உங்கள் குழந்தை மருத்துவருடையதே.

இப்போது எல்லாரும் கேட்பது 'பேபி நெஸ்ட்'. பறவைக் கூடு போல நீள்வட்டமாக, சுற்றிலும் பஞ்சு அடைத்த மெத்தென்ற விளிம்போடு இருக்கும். தாயின் வயிற்றுக்குள் இருப்பது போல் குழந்தை உணரும் என்று சொல்லி விற்கிறார்கள். பார்க்க அழகு, தூக்கிச் செல்ல வசதி. ஆனால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் 'பெரியவர் கண்காணிப்பில் மட்டும் பயன்படுத்தவும்' என்று சின்ன எழுத்தில் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு யார் கண்காணிப்பது? தூங்குவதற்கென்று வாங்கும் பொருளை நாம் தூங்கும்போது பயன்படுத்தக் கூடாது என்றால், அதை எதற்கு வாங்க வேண்டும்?

காரணம் எளிது. பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது. முகம் அந்த மெத்தென்ற விளிம்பில் புதைந்தால் திருப்பிக்கொள்ளத் தெரியாது. விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும், பிராணவாயு குறையும். சத்தமே வராது. பிரிட்டனில் இதற்கென்றே இயங்கும் லல்லபை டிரஸ்ட் அமைப்பு, குழந்தை தூங்க நெஸ்ட் வேண்டாம் என்றே சொல்கிறது.

"ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைக்கு நெஸ்ட் வைத்தார்களே?" என்று கேட்பீர்கள். அங்கே நாடித்துடிப்பையும் பிராணவாயுவையும் காட்டும் கருவி ஓடுகிறது, செவிலியர் விழித்திருக்கிறார். நம் வீட்டில் அந்த இரண்டும் கிடையாது.

சரி, எதை வாங்கலாம்? அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2022-இல் புதுப்பித்த வழிகாட்டுதலின் சாரம் இது: மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், படுக்கை கெட்டியாக, சமதளமாக இருக்க வேண்டும், அதில் தலையணை, போர்வை, பொம்மை எதுவும் கூடாது, குறைந்தது முதல் 6 மாதம் பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்க வேண்டும். அங்கே 1994-இல் மல்லாக்கப் படுக்க வைக்கும்படி பெரிய பிரசாரம் தொடங்கி, அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் குழந்தை மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

மல்லாக்கப் படுத்தால் கக்கிய பால் புரையேறாதா? பாட்டிமார்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி. மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கின்றன. எதுக்களித்து வரும் பால் மூச்சுக்குழாய்க்குள் போக மேலே ஏற வேண்டும். ஆகவே அந்தப் பயம் வேண்டாம்.

கடைக்குப் போனால் இப்படிப் பாருங்கள். மெத்தையை உள்ளங்கையால் அழுத்துங்கள். குழி அப்படியே நின்றால் வேண்டாம். சாய்வான படுக்கை வேண்டாம். 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த தூக்கப் படுக்கைகளுக்கு அமெரிக்காவில் 2022-இலேயே தடை வந்துவிட்டது. கட்டிலுக்கும் மெத்தைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது. கம்பிகளுக்கு நடுவே 6 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. குளிர்பான டின் நுழைந்தால் அந்தத் தொட்டிலை வாங்காதீர்கள். கடுகுத் தலையணை நம் வழக்கம்தான்; தூங்கும் படுக்கையில் அதுவும் வேண்டாம். தலை தட்டையாகாமல் இருக்க, விழித்திருக்கும்போது நம் கண் முன்னே சற்று நேரம் குப்புறப் போட்டால் போதும்.

தூளியை விட முடியாது என்பது தெரியும். நானும் தூளியில் வளர்ந்தவன்தான். ஆனால் துணி வளைவதால் பச்சைக் குழந்தையின் தாடை நெஞ்சில் அழுந்தும், மூச்சுப் பாதை சுருங்கும். ஆட்டித் தூங்க வைத்தாலும், கண்ணயர்ந்ததும் சமதளத்துக்கு மாற்றிவிடுங்கள். தூளிக் கொக்கி கான்கிரீட் தளத்தில் இருக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கில் மாட்டவே கூடாது.

நம் ஊர் வெயிலுக்கு வீட்டுக்குள் குல்லா தேவையில்லை. பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். கொசுவலை அவசியம். ஆனால் அது இறுக்கமாக நிற்க வேண்டும், முகத்தில் சரியக் கூடாது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெஸ்டின் ஆயுள் குழந்தை புரளும் வரைதான், மூன்று நான்கு மாதம். தேய்மானக் கணக்குப் போட்டால் நம் வீட்டிலேயே மிக வேகமாக மதிப்பிழக்கும் பொருள் அதுதான். கெட்டியான சின்னக் கட்டில் இரண்டு வயது வரை வரும். அதற்கும் வசதியில்லை என்றால், தரையில் கெட்டியான மெல்லிய மெத்தை போட்டு, பருத்தித் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகினால் போதும். அது எந்த விதத்திலும் குறைந்த படுக்கை இல்லை.

கடைசியாக ஒரு யோசனை. நம் மூன்று பிளாக்கிலும் பரணில் சும்மா கிடக்கும் குழந்தைக் கட்டில்கள் இருக்கும். திருகு, கம்பி, மெத்தை எல்லாவற்றையும் சோதித்து, தேவைப்படும் வீட்டுக்குச் சங்கமே இரவல் தரலாம். ஒரு பக்கம் கீழே இறங்கும் பழைய மாடல்களை மட்டும் சேர்க்க வேண்டாம். அமெரிக்காவில் 2011-லிருந்து அவற்றை விற்க அனுமதி இல்லை. பதிவேட்டை எழுதும் பொறுப்பை நான் ஏற்கிறேன். பேரேடு எழுதிப் பழகிய கை இது. கட்டில் வைத்திருப்பவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.