இரு தாயர் மகன்



சான்று குறைந்த மனிதரைவிட, தம் கதையைத் தாமே எழுதிவைத்த மனிதரே வரலாற்றுப் புதின ஆசிரியருக்குப் பெருஞ்சோதனை. பியேர் எஸ்ப்ரி ராடிசன் அத்தகையவர். பிரான்சில் பிறந்து 1651இல் கனடா சேர்ந்த இவர், பீவர் தோல் வணிகராகவும் புதுவழி கண்டவராகவும் புகழ் பெற்றார்.

இளமையில் பறவை வேட்டைக்குச் சென்றவரை மோஹாக் மக்கள் சிறைபிடித்தனர். ஒரு குடும்பம், கொல்லப்பட்ட தன் மகனின் பெயரையே அவருக்குச் சூட்டி மகனாக ஏற்றது. அவரோ அல்கோன்கின் கைதி ஒருவனோடு சேர்ந்து, உடன் வந்த மோஹாக்கியர் மூவரைக் கொன்றுவிட்டுத் தப்பியோடினார். பிடிபட்டு வதைக்கப்பட்டபோது, அந்த வளர்ப்புப் பெற்றோரே அவரை மீட்டனர். 1653இல் அவர்களையும் விட்டு ஓடினார்.

பின்னாளில் அவர் கொடி மாறிய கதை பலரும் அறிந்தது. 1660இல் மேலை ஏரிகளிலிருந்து பெருந்தோல் செல்வத்தோடு திரும்பியபோது பிரெஞ்சு ஆளுநர் தண்டம் விதித்தார். ராடிசனும் அவர் மைத்துனர் குரோசெய்யேயும் ஆங்கிலேயரை நாடினர். அம்முயற்சியின் பயனாக 1670இல் ஹட்சன் விரிகுடாக் கம்பெனி பிறந்தது. மீண்டும் பிரான்சு, 1684இல் மீண்டும் இங்கிலாந்து. 1710இல் இலண்டனில் மறைந்தார்.

அவருடைய பயணக் குறிப்புகளுள் முதற்பகுதி, ஆங்கில அரசவையின் ஆதரவை நாடிய நாளில் உருவானது, அச்சேறியதோ 1885இல்தான். வடகடலைக் கண்டதாக அதில் அவர் சொல்வதை ஆய்வாளர் ஐயுறுகின்றனர். ஆக, ராடிசனை முதன்முதல் புனைந்தவர் ராடிசனே எனலாம்.

ஏக்னஸ் லாட் 1902இல் எழுதிய புதினம், அவருடைய துணைவன் ஒருவனின் வாய்மொழியாகக் கதையைச் சொல்கிறது. 1941இல் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படத்தில் பால் முனி ராடிசனாக நடித்தார். அங்கே கம்பெனி பிறந்த கதையே மையம். வீரனைத் தேடியோர்க்கு வீரன் கிடைத்தான். அந்தத் தாய் எங்கே?

மன்னர்கள் இழந்தது தோல் வணிகத்தின் இலாபம். அவள் இழந்தது ஒரே பெயர் கொண்ட இரண்டு மகன்களை. அவள் எழுதிய ஏடு ஒன்றும் இல்லை. ஓடிப்போன மகன் எழுதியதிலிருந்தே உலகம் அவளை அறிகிறது.

புனைவுக்கு உரிமையும் கடமையும் அங்கேதான் உண்டு. மூவரைக் கொன்ற கையைக் கழுவிவிடப் புதினத்துக்கு உரிமையில்லை. அது நிகழ்ந்ததை மாற்றுவதாகும். ஆனால் அந்த மூவருக்காக அழும் ஊரின் நடுவே, கொன்றவனின் உயிருக்காக மன்றாடிய தாயின் மனத்துள் புகலாம், புகவும் வேண்டும். சான்றுகள் பேசும் இடத்தில் அடக்கமும், அவை வாய்மூடும் இடத்தில் துணிவும் வாய்க்கப்பெற்ற படைப்பாளியால்தான் ராடிசன் முழு மனிதராக எழுந்து நிற்பார். அவரருகே அவளும் நிற்பாள்.