பிடுங்கிய வயரை மாட்டுங்கள்!



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'குறும்படங்களும் சமூக விழிப்புணர்வும்'. நல்ல தலைப்புதான். ஆனால் போன வாரம் இந்த வட்டாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லாமல் எனக்குப் பேச்சு வராது.

நம் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து செல்போனிலேயே ஒரு குறும்படம் எடுத்தார்கள். பதினோரு நிமிடம். ஒரு சிறுமி டியூஷனுக்குப் போகமாட்டேன் என்று ஏன் அடம்பிடிக்கிறாள்? அதுதான் கதை. கொடுமையை எங்கும் காட்டவில்லை. சாத்திய கதவையும் வாசலில் கிடக்கும் ஒரு ஜோடிச் சின்னச் செருப்பையும் காட்டினார்கள். பார்ப்பவனுக்கு வயிற்றைப் பிசைகிறது. அனுமதி வாங்கித்தான் எட்டாம் வகுப்புக்குப் போட்டார்கள். படத்தில் அந்தச் சிறுமி, "அம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று வாயைத் திறக்கிறாள். தாளாளர் உள்ளே வந்தார். புரொஜெக்டர் வயரைப் பிடுங்கினார். "இதையெல்லாம் போட்டா ஸ்கூல் பேரு என்னாகறது?" என்றார்.

பேராம் பேரு!

சொல்ல வந்த குழந்தையின் வாயைத் திரையிலேயே பொத்திய மகானே, உம் வகுப்பறையில் நிஜமாகவே ஒரு குழந்தை வந்து சொன்னால் என்ன செய்வீர்? அங்கேயும் பிடுங்குவதற்கு ஏதாவது வயர் தேடுவீரா? (கைதட்டல்)

சட்டம் தெரியுமா அவருக்கு? குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012இல் வந்தது. குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. தன்கீழ் வேலை பார்ப்பவன் செய்ததை மூடி மறைக்கும் நிர்வாகிக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது 21ஆம் பிரிவு. பள்ளிக்கூடத்தின் பெயரைக் காப்பாற்ற ஒரு பிரிவும் அதில் கிடையாது ஐயா!

எதிர்த்தரப்பு வாதம் என்ன? படம் பார்த்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்களாம். தீயணைப்பு ஒத்திகை பார்த்தவனெல்லாம் வீட்டுக்குப் போய்க் கூரையைக் கொளுத்துகிறானா? "எங்கள் பிள்ளைகளுக்கு அப்படியெல்லாம் நடக்காது" என்கிறார்கள். 2007இல் மத்திய அரசே ஓர் ஆய்வு வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒருவகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், குழந்தை நம்பியவர்கள். மீசை முறுக்கிய ரவுடி இல்லை. மாமா, பக்கத்து வீட்டுக்காரர், வாத்தியார்.

இதைச் சொல்லத்தான் குறும்படம் வேண்டும் என்கிறேன். சைல்ட்லைன் அமைப்பு எடுத்த 'கோமல்' என்ற கார்ட்டூன் படத்தைப் பாருங்கள். சுமார் பத்தே நிமிடம். தப்பு செய்பவர் யார்? கோமலின் அப்பாவோடு சிநேகமாகப் பழகும் பக்கத்து வீட்டுக்காரர். எந்தத் தொடுதல் சரி, எந்தத் தொடுதல் தப்பு, யாரிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று ஏழு வயதுப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி சொல்கிறது. ஒரு பீரியடில் படமும் போடலாம், மீதி நேரம் பிள்ளைகளைப் பேசவும் விடலாம். மூன்று மணி நேரப் படத்தால் இது ஆகுமா?

நம் ஆட்களையும் விடமாட்டேன். சில குறும்படத் தம்பிகள் இருக்கிறார்கள். பாலியல் வன்முறை என்றால் உடனே நசுங்கிய ரோஜா, ஜன்னலில் மழை, பின்னாலே வயலின். படத்தைவிட நன்றி சொல்லும் பட்டியல் நீளம்! (சிரிப்பு) தம்பி, ரோஜாவை விடு. குழந்தைகளுக்கான உதவி எண் 1098, அந்த நம்பரைக் காட்டு. ஒரு கிராமத்தில் படம் போட்டு முடித்ததும் ஒரு தாய் என் அருகே வந்து, "அந்த நம்பருக்குக் கூப்பிட்டா காசு பிடிக்குமா?" என்று கேட்டார். பிடிக்காதம்மா, இலவசம், ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம் என்றேன். முந்தானையில் முடிந்து வைப்பதுபோல அந்த நம்பரை நாலுதடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். விருது கமிட்டிக்கு இது தெரியுமா?

திரும்பவும் அந்தப் 'பேரு' விஷயத்துக்கே வருகிறேன். எனக்கு ஆறவில்லை. 2019இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கு. புகார் கொடுத்த பெண்ணின் பெயரைப் பத்திரிகையாளர்கள் முன்னால் சொன்னது யார்? காவல்துறை அதிகாரி! அரசாணையிலும் அந்தப் பெயர் வந்தது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கு. அந்த மாணவியின் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்தது. 25 லட்சம் இழப்பீடு கொடு என்று உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பேரு உண்டு, குடும்பத்துக்குப் பேரு உண்டு, தொட்ட மாமாவுக்குக்கூடப் பேரு உண்டு. அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் தெருவில் கிடக்கலாமா? என்ன நியாயம் இது?

சினிமாக்காரர்கள் சிரிக்க வேண்டாம், உங்களிடமும் கணக்கு இருக்கிறது. ஹீரோ சிகரெட் பற்றவைத்தால் கீழே எச்சரிக்கை வரி ஓடுகிறது. அதே ஹீரோ வேண்டாம் என்று சொன்ன பெண்ணைப் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டு வாசல்வரை துரத்தினால் பாட்டு வருகிறது! நுரையீரலுக்குக் கொடுக்கும் மரியாதையைப் பெண்ணுக்குக் கொடுக்கமாட்டீர்களா?

ஆகவே நம் கோரிக்கை இது. போக்சோ சட்டத்தின் 43ஆம் பிரிவு, மக்களுக்கும் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் இந்தச் சட்டத்தைத் தொலைக்காட்சி, வானொலி, பத்திரிகை வழியாகத் தொடர்ந்து தெரியப்படுத்துவது மத்திய, மாநில அரசுகளின் கடமை என்கிறது. சலுகை கேட்கவில்லை, கடமையைத்தான் கேட்கிறோம். எல்லாப் பள்ளியிலும் வருடத்துக்கு ஒரு பீரியட், ஒரு குறும்படம். எல்லாத் தியேட்டரிலும் புகையிலை எச்சரிக்கைப் படத்தோடு இன்னொரு நிமிடம், 1098, பெண்களுக்கு 181. மனு தயாராக இருக்கிறது, மேடைக்குக் கீழே மேசையில் வைத்திருக்கிறோம். கைதட்டிவிட்டுப் போகாதீர்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்!