படகுக்காரரின் இங்கிலீஷும் டீச்சரின் இங்கிலீஷும்



கேரளத்தில் ஆலப்புழை என்று ஓர் ஊர். ஊரைச் சுற்றி எங்கும் தண்ணீர். காயல், கால்வாய். அங்கே ஓடும் பெரிய படகுக்குக் கெட்டுவள்ளம் என்று பெயர். ஒரு காலத்தில் இந்தப் படகுகள் குட்டநாட்டு நெல்லைக் கொச்சிக்கு ஏற்றிச் சென்றன. பிறகு ரோடு வந்தது, லாரி வந்தது. படகுக்கு வேலை குறைந்தது. 1990-களில் இந்தப் படகுகளில் அறை கட்டினார்கள். கட்டில் போட்டார்கள். சமையலறை வைத்தார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் வந்து ஒரு ராத்திரி தங்கிப் போகிறார்கள்.

நெல் மூட்டை பேசாது. பயணி பேசுவார். வெளிநாட்டுக்காரர் என்றால் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் பேசுவார். படகில் இருப்பவர்கள் இரண்டு மூன்று பேர். ஓட்டுபவர், சமையல்காரர், ஓர் உதவியாள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களும் இந்த வேலையில் உண்டு. ஆனாலும் அவர்கள் இங்கிலீஷ் பேசுகிறார்கள். காதால் கேட்டு, வாயால் சொல்லிப் பழகிய இங்கிலீஷ் அது. இலக்கணம் சரியாக இருக்காது. வேலை நடக்கும்.

சில இடத்தில் அது சறுக்கும். 15-ஐ இங்கிலீஷில் ஃபிஃப்டீன் என்கிறோம். 50-ஐ ஃபிஃப்டி என்கிறோம். இரண்டும் காதுக்கு ஒன்று போலவே கேட்கும். இளநீர் 50 ரூபாய் என்று இவர் சொல்வார். 15 என்று அவர் நினைப்பார். காசு கொடுக்கும்போது இரண்டு பேருக்கும் முகம் மாறும். ஏமாற்றுக்காரன் என்ற பெயர் வேறு வரும். விவரம் தெரிந்தவர் என்ன செய்வார்? "ஃபிஃப்டி. ஃபைவ், ஜீரோ" என்பார். அல்லது ஒரு தாளில் 50 என்று எழுதிக் காட்டுவார். எண் எழுதத் தெரிந்தால் பாதிச் சண்டை குறையும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. "நீங்கள் இறால் சாப்பிட மாட்டீர்களா?" என்று ஒருவரைக் கேளுங்கள். சாப்பிடாதவர் என்றால், "ஆமாம், சாப்பிட மாட்டேன்" என்பார். மலையாளத்திலும் இப்படித்தான் சொல்வார்கள். ஆனால் இதே கேள்விக்கு இங்கிலீஷ்காரர் "நோ" என்பார். சாப்பிட மாட்டேன் என்று அதற்கு அர்த்தம். நம் ஊர்ப் பழக்கத்தில் கேட்டால் என்ன தோன்றும்? "இல்லை, சாப்பிடுவேன்" என்று சொல்வது போலத் தோன்றும். சமையல்காரர் இறால் கறி வைத்துவிடுவார். சிலருக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. உடம்பு தடிக்கும். மூச்சுத் திணறும். உயிருக்கே ஆபத்தாகவும் போகலாம். நடுக் காயலில், ராத்திரி நேரத்தில் டாக்டருக்கு எங்கே போவது? ஆகவே கேள்வியை நேராகக் கேட்க வேண்டும். "டூ யூ ஈட் ப்ரான்ஸ்?" இறால் சாப்பிடுவீர்களா? எஸ் என்றால் சாப்பிடுவார். நோ என்றால் மாட்டார். குழப்பம் இல்லை.

இனி டீச்சர் கதைக்கு வருவோம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் இரண்டு வருடம் படிக்கிறார் ஒரு பெண். அவருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும். இலக்கணம் தெரியும். பரீட்சையில் நல்ல மார்க் வாங்குவார். ஆனால் வாயைத் திறக்கப் பயப்படுவார். தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களே என்ற பயம்.

பயிற்சிக்காக அவரை ஒரு பள்ளிக்கு அனுப்புவார்கள். பாடக் குறிப்பை எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போவார். குறிப்பில் உள்ளதைச் சொல்லி முடிப்பார். திடீரென்று ஒரு பிள்ளை எழுந்து, "கயிற்றுக்கு இங்கிலீஷில் என்ன டீச்சர்?" என்று கேட்டால் திகைப்பார். கயிற்றுக்கு ரோப் என்று சொல்லலாம். தேங்காய் நாருக்கும் நார்க் கயிற்றுக்கும் காயர் என்று பெயர். அந்தக் காயர் என்ற சொல்லே நம் பக்கத்துக் கயிறுதான். மலையாளத்திலிருந்து இங்கிலீஷுக்குப் போனது. கெட்டுவள்ளத்தின் பலகைகளை ஆணி அடிக்காமல் அந்தக் கயிற்றால்தான் தைத்துக் கட்டினார்கள். இங்கிலீஷும் நம்மிடம் கடன் வாங்கியிருக்கிறது. இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களுக்கும் பயம் கொஞ்சம் தெளியும்.

படகுக்காரர் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னால் அன்றைக்கு ஒரு பயணி சிரிப்பார். டீச்சர் தப்பாகச் சொன்னால் முப்பது பிள்ளைகள் அப்படியே சொல்வார்கள். டீச்சர் பேசவே இல்லை என்றால் முப்பது பிள்ளைகளும் பேச மாட்டார்கள். இந்த இரண்டாவதுதான் பெரிய நஷ்டம். தெற்கு மாநிலங்களின் ஆசிரியர்களுக்கு இங்கிலீஷ் கற்பிக்கும் பயிற்சி தரவே பெங்களூரில் 1963-இல் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். ஆனால் பேச்சு என்பது தினம் பழகினால் வருவது. சைக்கிள் மாதிரி. விழாமல் யாரும் ஓட்டப் பழகியதில்லை.

படகுக்காரருக்கும் ஒரு குறை இருக்கிறது. பேசுவார்; சிலரால் படிக்க முடியாது. பயணி முன்கூட்டியே எழுதி அனுப்பிய சீட்டு கையில் இருக்கும். அதில் 'நோ ப்ரான்ஸ்', இறால் வேண்டாம், என்று எழுதியிருக்கும். அந்தச் சீட்டு மடித்தபடியே சட்டைப் பையில் கிடக்கும். கேரள எழுத்தறிவு இயக்கம் 'குட் இங்கிலீஷ்' என்ற பெயரில் ஒரு படிப்பு நடத்தியிருக்கிறது. அப்படி ஒரு வகுப்பு அருகில் இல்லாத ஊரில் என்ன செய்வது? பயிற்சி டீச்சர்களே மாலையில் படகுத்துறைக்கு வரலாம். ஐந்தரை மணி வாக்கில் சுற்றுலாப் படகுகளைக் கரையில் கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு காயல் மீனவர்களுக்கு. அவர்கள் வலை போட வேண்டும். பயணிகளின் வேலை முடிந்தபின் படகுக்காரருக்கும் கொஞ்சம் நேரம் கிடைக்கும். டீச்சர் படிக்கக் கற்றுக்கொடுக்கட்டும். படகுக்காரர் கூச்சமில்லாமல் பேசக் கற்றுக்கொடுக்கட்டும். புத்தகம் தேட வேண்டாம். முதல் பாடத்துக்குச் சட்டைப் பையில் இருக்கும் அந்தச் சீட்டே போதும்.