காசநோய்க் கிருமியும் பசித்த உடலும்

(கட்சி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை அறிவித்தார். இன்று அதைக் கொல்லும் மருந்துகளும் உண்டு. ஆயினும் உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர். ஏன் என்று அறிய, உடலுக்குள் நடைபெறும் போரைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

நோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் கிருமி, அருகிலிருப்பவரின் நுரையீரலில் உள்ள காற்றுப் பைகளைச் சென்றடைகிறது. அங்கே காவல் புரியும் விழுங்கு செல்கள் அதை விழுங்குகின்றன. வேறு கிருமியாயின் பெரும்பாலும் உள்ளேயே செரிக்கப்பட்டுவிடும். இதுவோ செரிமான நொதிகள் தன்னை நெருங்காதபடி தடுத்து, விழுங்கிய செல்லுக்குள்ளேயே குடியேறிப் பெருகுகிறது. காவலன் வீட்டிலேயே கள்வன்! அப்போது டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் வந்து வேதிச் சைகைகளால் விழுங்கு செல்களை முடுக்கிவிடுகின்றன. அவை திரண்டு கிருமியை முற்றுகையிடுகின்றன. தொற்றியவர்களில் வாழ்நாளில் நோயாளியாவோர் 5 முதல் 10 சதவீதம் மட்டுமே. ஏனையோரிடம் முற்றுகை நிலைத்து நிற்கிறது.

முற்றுகை யாரிடம் உடைகிறது? எச்.ஐ.வி. தொற்று டி செல்களையே அழிக்கிறது. நீரிழிவு எதிர்ப்பாற்றலைத் தளர்த்துகிறது. கல் உடைக்கும் ஆலைகளிலும், காம்பாத்தின் அகேட் கல் பட்டறைகளிலும் பறக்கும் சிலிக்கா தூசியை விழுங்கிய செல்கள் அதைச் செரிக்க இயலாமல் மடிகின்றன. முதலாளி மிச்சம் பிடிக்கும் தூசித் தடுப்புச் செலவுக்குத் தொழிலாளி நுரையீரலால் விலை கொடுக்கிறார். இவை அனைத்தினும் பரவலான காரணம் பசி. புரதமும் சக்தியும் குறைந்த உடலில் டி செல்கள் எண்ணிக்கையிலும் செயலிலும் குன்றுகின்றன.

1956இல் சென்னையில் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வொன்றை இங்கே குறிப்பிட வேண்டும். சானடோரியத்தில் நல்லுணவும் ஓய்வும் பெற்றவர்களைப் போலவே, நெரிசலான வீட்டில் எளிய உணவுடன் அதே மருந்தை உண்டவர்களும் குணமடைந்தனர். படுக்கை கிடைக்காத ஏழைகளுக்கு அது பெரும் நன்மை. ஆனால் அதைக் காட்டியே, மாத்திரை போதும், உணவு இரண்டாம்பட்சம் என்னும் எண்ணம் கொள்கையாக வேரூன்றியது. ஆய்வு பேசியது நோய் வந்த பின் மருந்தால் குணமாவதைப் பற்றி. வருமுன் காக்கும் முற்றுகையைப் பற்றி அன்று.

அந்த வினாவுக்கு ஜார்க்கண்ட் விடை தந்தது. 2019 முதல் 2022 வரை அங்கு நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வில், நோயாளிகளின் குடும்பத்தினர் 10,345 பேர் இரு பிரிவாகக் கவனிக்கப்பட்டனர். இரு பிரிவிலும் நோயாளிக்கு உணவு தரப்பட்டது. ஒரு பிரிவில் குடும்பத்துப் பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, சத்து மாத்திரைகள் ஆகியவையும் சேர்த்துத் தரப்பட்டன. அப்பிரிவில் புதிதாக நோய் வந்தது 39 சதவீதம் குறைவு. தொற்றைப் பரப்பும் நுரையீரல் காசம் 48 சதவீதம் குறைவு. புதிய தடுப்பூசி எதுவும் இன்றி அரிசியும் பருப்பும் செய்த வேலை இது, தோழர்களே.

அரசு என்ன செய்கிறது? சிகிச்சைக் காலத்தில் நோயாளிக்கு மாதம் 1,000 ரூபாய் என்கிறது. உணவுக் கூடைக்குக் கொடையாளர்களைத் தேடச் சொல்கிறது. குடும்பத்தாரின் உணவு உரிமையாகாமல் தயவாகவே நிற்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் தலைக்கு 5 கிலோ தானியம் தருகிறது. பருப்புக்கு அதில் இடமே இல்லை. காசநோய் கண்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் ரேஷன் கடை வழியாகவே கூடுதல் அரிசியும் பருப்பும் வழங்க வேண்டும் என்பதை நமது கிளைகள் மாவட்டக் காசநோய் அலுவலகங்களில் எழுத்து மூலம் முன்வைக்க வேண்டும். கல் உடைப்போர் சங்கங்கள் அதனுடன் தூசித் தடுப்பையும் கேட்க வேண்டும்.