வெள்ளம் வருமுன் ஓர் அபயதானம்
(விழா அரங்கில் ஆற்றிய உரை)

 

2024 டிசம்பர்த் திங்களின் தொடக்கத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். ஃபெஞ்சல் புயலால் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி நீர் வெளியேற, தென்பெண்ணை கரைகடந்து பெருகியது.

எங்கள் ஊர் ஏரியும் உடைந்த அந்த இரவில் நிகழ்ந்த ஒன்று இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது. மாலையிலேயே ஒலிபெருக்கியில் எச்சரிக்கை வந்தது. தெருக்கோடியில் தனித்து வாழும், செவி கேளாத மூதாட்டிக்கு அது எட்டவில்லை. ‘யாரேனும் சொல்லியிருப்பார்கள்’ என்று எல்லோரும் எண்ணினோம், நானும் எண்ணினேன். நள்ளிரவில் நினைவு வந்து ஓடியபோது, இடுப்பளவு நீரில் சன்னற்கம்பியைப் பற்றி நின்றிருந்தார். அவர் பிழைத்தார். தறியில் கட்டியிருந்த பசுவும் கன்றும் பிழைக்கவில்லை.

உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களை நாம் அறிவோம். வெள்ளம் வடிந்தபின் உணவும் மருந்தும் வழங்க நாம் தயங்குவதில்லை. ஆயின், அபயதானம் வெள்ளம் வருமுன்னரே செய்யப்பட வேண்டியது. திருக்கோவலூர்ப் பகுதியிலுள்ள பள்ளிச்சந்தல் கல்வெட்டு ‘அஞ்சினான் புகலிடம்’ என்று ஒன்றைக் குறிக்கிறது. அஞ்சி வந்தோர்க்கு அடைக்கலம் தந்த இடம் அது. நம் தெருக்களும் அத்தகைய புகலிடங்களாக மூன்று பணிகளை இப்போதே தொடங்குவோம்.

முதலாவது, ஏரி. நம் ஏரிகள் சங்கிலிபோல் தொடர்ந்தவை. ஓர் ஏரியின் கலங்கலில் வழியும் நீரே அடுத்த ஏரிக்கு வரத்து. மேலேரி உடைந்தால் அதன் நீர் முழுவதும் ஒருசேரக் கீழேரிக் கரையை மோதும். எனவே புரட்டாசியிலேயே இரண்டு ஊராரும் சேர்ந்து கரைமேல் நடந்து பார்க்க வேண்டும். வளைகளோ ஈரக்கசிவோ தென்பட்டால் ஊராட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். போக்குக் கால்வாயில் அடைப்பு இருத்தலாகாது. கூடுதல் நீரைத் தேக்கும் ஆசையால் கலங்கலில் மணல்மூட்டை அடுக்குவது பெருந்தீங்கு.

இரண்டாவது, பெயர்ப்பட்டியல். முதியோர், நோயாளர், கருவுற்ற மகளிர், மாற்றுத்திறனாளிகள் வாழும் வீடுகளைக் குறித்து, ஒவ்வொரு வீட்டுக்கும் பொறுப்பாளராக இருவர் பெயரை எழுதிவைப்போம். ஒருவர் வெளியூர் சென்றிருந்தால் மற்றவர் செல்வார். ‘எல்லோரும் பொறுப்பு’ என்பது நள்ளிரவில் ‘ஒருவரும் பொறுப்பில்லை’ என்றாகிவிடும்.

மூன்றாவது, மேட்டிடம். பள்ளியோ மண்டபமோ, எங்கே செல்வது, எவ்வழியே செல்வது, சாவி யாரிடம் உள்ளது என்பவை சிறுவர்க்கும் தெரிந்திருக்க வேண்டும். ஓடும் நீர் முழங்காலளவே ஆயினும் ஆளைச் சாய்த்துவிடும்; ஆதலால் இருட்டுமுன் புறப்படுதல் நலம். வாயில்லா உயிர்களை முன்னதாகவே அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டுவோம். வீட்டு ஆவணங்களையும் ஓலைச்சுவடிகளையும் உயரத்தில் வைப்போம். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. மாநில அறையின் எண் 1070. இவற்றைச் சுவரில் எழுதிவைப்போம்.

இன்று கலைந்து செல்லுமுன், தெருவாரியாகச் சற்றே அமர்ந்து அப்பட்டியலை எழுதுமாறு வேண்டுகிறேன். எங்கள் தெருப் பட்டியலில் முதற்பெயர் அம்மூதாட்டியுடையது. அதற்கு நேரே அடுத்த வீட்டு இளைஞர் பெயரும் என் பெயரும் உள்ளன.